அவர் சொன்னபடி ஒரு மனு

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேசைக்கு வந்தவர்கள் எல்லாரும், வத்தலக்குண்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தவர்கள்தான். கொடைக்கானல் சந்தையில், உருளைக்கிழங்கு மூட்டை இறக்கும் இடத்துக்கும் பூண்டுக் கடைகளுக்கும் நடுவே ஒரு மடக்கு மேசையைப் போட்டிருந்தோம். பின்னால் 'இலவச சட்ட உதவி' என்று எழுதிய துணி. முதல் வாரமே மழையில் நனைந்து, 'இலவச' என்ற சொல் மட்டும் நீலமாக வழிந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தொரு வயது. மதுரையில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருந்துகொண்டே சட்டக் கல்லூரி ஒன்றில் பகுதி நேரமாக வகுப்பெடுத்தேன். மாணவர்களைக் கொண்டு ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மூத்த ஆசிரியர்கள் யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் அது என் கைக்கு வந்தது. "ஒரு கேம்ப் நடத்தி நாலு போட்டோ எடுத்து அனுப்பிட்டா போதும்மா" என்றார் முதல்வர். போதாது என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று பேர் சேர்ந்தார்கள். பழனியில் அடிவாரத்துக் கடைக்காரர் ஒருவரின் மகள். யாத்ரீகர்களிடம் பேசிப் பேசி வளர்ந்தவள், யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவாள். கன்னிவாடி விவசாயி வீட்டுப் பையன் ஒருவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் ஊர்ப் பேச்சுத்தான். மூன்றாமவன் மதுரைக்காரன். வகுப்பில் முதல் மாணவன். சட்டப் பிரிவுகளை எண்ணோடு ஒப்பிப்பான், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவனை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கொடைக்கானலைச் சொன்னவன் கன்னிவாடிக்காரன்தான். "மலையில எங்க மாமா லாரி ஓடுது மேடம். வில்பட்டிக்கு அங்கிட்டு காட்டுக்குள்ள சிலோன்காரவுக நெறையப் பேரு கெடக்காங்க. மரப்பட்டை உரிக்கிற சோலி. அவுகளப் பாத்தா யாரும் பேசமாட்டாங்க. அவுகளும் பேசமாட்டாங்க" என்றான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அவை. இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து ஆளுக்கொரு பக்கம் போனவர்கள். தேயிலை வேலை கிடைக்கும் என்று மலை தேடி வந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது வாட்டில் மரம். அதன் பட்டை தோல் பதனிடப் போகும். மரம் வெட்டும் இடத்தைக் கூப்பு என்பார்கள். கூப்பிலேயே பிளாஸ்டிக் தாளைக் கூரையாகக் கட்டிக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள்.

நான்காவது ஞாயிறு அந்தப் பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு, மேலே ஆண்கள் போடும் பழைய கம்பளிக் கோட்டு. மேசையின் முன்னால் இரண்டு தடவை நடந்துபோய், மூன்றாவது தடவை நின்றார்.

"இங்க கதைச்சா வெளிய போகாதுதானே?" என்று கேட்டார்.

"போகாதுங்க அக்கா. உக்காருங்க" என்றாள் பழனிப் பெண்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே வேகமாகச் சொன்னார். அவர்களுடைய குடும்ப அட்டை காண்ட்ராக்டரிடம் இருக்கிறது. தாயகம் திரும்பியவர்கள் என்பதற்கு அவர்களிடம் உள்ள ஒரே சாட்சி அந்த அட்டை. ரேஷன், வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அதுதான் முதலில். மகளுக்குப் பதின்மூன்று வயது. ஊருக்குள் ஒரு பள்ளி விடுதியில், திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறோம், அட்டையைக் கொண்டு வா என்று கன்னிகாஸ்திரீகள் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். அட்டையில்லாமல் முடியாது. அட்டையைக் கேட்டால் காண்ட்ராக்டர் தருவதில்லை.

"நீங்க வேற வேலைக்குப் போயிரலாமே அக்கா" என்றான் மதுரைக்காரன்.

"சந்தைக்கு ஒரு வீட்டுல ஒரு ஆள்தான் தம்பி வரலாம். மத்த ஆளுக கூப்புலயே இருக்கணும். நான் இங்க நிக்கிறேன், எம்புருசனும் புள்ளையும் அங்க. எங்க போறது?"

மதுரைக்காரனின் முகம் சிவந்தது. கண்கள் பளபளத்தன. அன்று மாலையே, நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து அவன் மனு எழுதினான். ஆறு பக்கம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அரசியலமைப்பு, உயர் நீதிமன்றத் தீர்ப்புகள். 'மேற்படி காண்ட்ராக்டர் மனுதாரரின் குடும்ப அட்டையைப் பலவந்தமாகப் பறித்துக்கொண்டு, அடித்துத் துன்புறுத்தி, அடிமையாக வைத்திருக்கிறார்.' படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் இலக்கணம் திருத்தினேன். நன்றாக இருக்கிறது என்று அவன் தோளில் தட்டினேன். அடித்ததாக அந்தப் பெண் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அடிக்காமலா இருப்பான் என்று என் மனதுக்குள்ளேயே பதில் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவரிடம் மனுவை நீட்டி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி மெதுவாகப் போட்டார். நாங்கள் பெருமையோடு கொடைக்கானல் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தோம்.

எதிர்பாராத வேகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு புதன்கிழமை. புருசனுக்குக் காய்ச்சல், மருந்து வாங்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லிவிட்டு அவர் வந்தார். அறையில் கோட்ட அதிகாரி, ஒரு எழுத்தர், நாங்கள். காண்ட்ராக்டர் அன்று வரவில்லை. தன் வக்கீலை அனுப்பியிருந்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மனுவைப் படித்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"காண்ட்ராக்டர் உங்கள அடிச்சாரா?"

அந்தப் பெண் திடுக்கிட்டார். "இல்லைங்க ஐயா."

"அட்டைய எப்படிப் பறிச்சார்?"

"பறிக்கலைங்க ஐயா. நான்தான் குடுத்தேன்."

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அதிகாரி மனுவை மேசையின் எங்கள் பக்கத்துக்குத் தள்ளினார். "அம்மா, உங்க மனுவே உங்களுக்கு எதிரா இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு இவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆறு பக்கத்தில் ஒரு வரிகூட நாங்கள் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண் எங்கள்மேல் கோபப்படவில்லை. "வெரசாப் போகணும், மேஸ்திரி தேடுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வில்பட்டி ரோட்டில் வேகமாக நடந்தார். மதுரைக்காரன் படிக்கட்டில் உட்கார்ந்து, "அவங்க பயந்துட்டாங்க மேடம். அதனாலதான் மாத்திச் சொல்றாங்க" என்றான். கன்னிவாடிக்காரன் அவனைப் பார்க்காமலே சொன்னான்: "பயந்தவுக இப்படிப் பேசமாட்டாக. அடிச்சான்னு நீ எழுதுனதுக்கு ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிருப்பாக."

அவன் சொன்னதுதான் சரி. பஸ்ஸில் கீழே இறங்கும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உண்மை சொன்ன ஒருத்தரைப் பொய்யராக்கிவிட்டு வந்திருக்கிறேன். மாணவனின் பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தத் தாளில் என் திருத்தம் இருந்தது.

அடுத்த ஞாயிறு சந்தைக்கு அவர் வரவில்லை. அவருடைய புருசன் வந்தார். ஒல்லியான மனிதர். எங்கள் மேசையைத் தாண்டிப் போய் அரிசி வாங்கினார், திரும்பும்போது நின்றார்.

"அவ வரமாட்டா" என்றார். "புதன்கிழமை ஆபீசுக்குப் போனது தெரிஞ்சுபோச்சு. இனி சந்தைக்கு நான்தான் வரணுமாம். நீங்க எல்லாம் படிச்ச ஆளுக. எங்கள விட்ருங்க."

அன்று மேசையைச் சீக்கிரம் மடக்கிவிட்டோம். இந்த வேலையை இதோடு நிறுத்திவிடலாம் என்று பழனிப் பெண்ணின் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் உட்கார்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அவள் அப்பாவுக்குக் கவலை. ஆனால் அன்று முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான். "அவங்க வரமுடியாதுன்னா நாம போகணும் மேடம். நாம கெடுத்தத நாமதான சரி பண்ணணும்."

எல்லாரும் போவது என்று முடிவாயிற்று. அதற்கு முன் மதுரையில் இரண்டு வாரம் மாலை நேரங்களில் நான் ஒரு காரியம் செய்தேன். அதுவரை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சட்டம். இப்போது மூன்று பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுத் திருப்பிச் சொல்ல வைத்தேன். கையில் பேனா கூடாது, தாள் கூடாது. சொன்னவர் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே எழுதலாம். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். முதல் நாள் ஒருவராலும் முடியவில்லை. தன் தங்கை பரீட்சையில் தோற்ற கதையைப் பழனிப் பெண் சொன்னாள். மதுரைக்காரன் அதைத் திருப்பிச் சொன்னபோது அதில் ஒரு கொடுமைக்கார ஆசிரியர் வந்துவிட்டார். "எங்க சார் நல்லவரு. அவ படிக்கல, அவ்வளவுதான்" என்றாள் அவள். "திரும்பச் சொல்லு" என்றான் அவன். என் முறை வந்தபோது நானும் தப்பாகத்தான் சொன்னேன். வக்கீலுக்குக் காது சீக்கிரம் கெட்டுவிடுகிறது. பாதி கேட்பதற்குள் எது செல்லும், எது செல்லாது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி வில்பட்டி வரை ஜீப்பில் போனோம். அதற்கு மேல் நடை. பூண்டுத் தோட்டங்கள் முடிந்து மரங்கள் தொடங்கின. ஈரப் பட்டையின் புளித்த வாசனை முதலில் வந்தது, பிறகு கத்தி விழும் சத்தம். உரித்த மரங்கள் வெள்ளை வெளேரென்று சரிவு முழுக்கக் கிடந்தன.

மேஸ்திரி வழிமறித்தார். "யாரு நீங்க? இங்கெல்லாம் வரக்கூடாது."

கன்னிவாடிக்காரன் முன்னால் போனான். "அண்ணே, டூர் வந்த ஆளுக இல்ல நாங்க. வக்கீலுக்குப் படிக்கிறோம். சோலியாத்தான் வந்திருக்கோம்."

"என்ன சோலி?"

நான் சொன்னேன்: "நான் வக்கீல். இங்க இருக்கிற ஒருத்தர் என் கட்சிக்காரர். அவங்ககிட்ட நான் பேசணும். கட்சிக்காரர்கிட்ட வக்கீல் பேசுறதத் தடுத்தா அதையும் சேர்த்து எழுதுவேன். உங்க பேரைச் சொல்லுங்க."

மேஸ்திரி தன் பெயரைச் சொல்லவில்லை. "சாப்பாட்டு நேரத்துல பேசிட்டுப் போங்க. வேலை கெடக்கூடாது" என்று ஒதுங்கினார். அவரும் கூலிக்கு இருப்பவர்தானே.

சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தோம். அந்தப் பெண் வந்து எங்களைப் பார்த்தார். கையிலிருந்த கத்தியை மரத்தில் குத்திவிட்டு, "ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்.

"மன்னிப்புக் கேக்க வந்தோம்" என்றேன். "நீங்க சொல்லாதத எழுதிட்டோம். படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கினோம். அது எங்க தப்பு."

அவர் கீழே வெட்டிக் கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தார். அவருடைய மகள் ஒரு போணியில் சாயம் கொண்டுவந்து கொடுத்தாள். பாலில்லாத தேநீரை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

"இப்ப நீங்க சொல்லுங்க அக்கா" என்றான் மதுரைக்காரன். பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

"எங்கேர்ந்து சொல்ல?"

"நீங்க எங்கேர்ந்து சொன்னாலும் சரி."

அவர் கப்பலிலிருந்து தொடங்கினார். அட்டையைத் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தது. மண்டபத்தில் அதைக் காட்டி அரிசி வாங்கியது. மலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் கூரைத் தாள் கிழிந்து எல்லாம் நனைந்தது. அடுத்த நாள் காண்ட்ராக்டர் வந்தார். தன்மையான ஆள், ஒருநாளும் சத்தம் போடமாட்டார். குடிசை குடிசையாகக் கம்பளி கொடுத்தார். "தாளெல்லாம் நனைஞ்சா மறுபடி கெடைக்காதும்மா. குடுங்க, என் இரும்புப் பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன். வேணுங்கிறப்ப வாங்கிக்கங்க" என்றார்.

"நான் கும்பிட்டுக் குடுத்தேன்" என்றார் அந்தப் பெண். "மத்தவங்ககிட்டயும் நான்தான் சொன்னேன், குடுங்க, நல்ல மனுசன்னு. அடுத்த வருசம் கேட்டேன். இப்ப என்ன அவசரம்னார். திரும்பக் கேட்டேன். கூப்பு முடியட்டும்னார். இந்த மாசி மாசம் கேட்டப்ப, அட்டையக் குடுத்தா நீங்க ஓடிப்போயிருவீங்களேன்னு சிரிச்சார். அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு."

மதுரைக்காரன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். கம்பளியையும் சொன்னான், கும்பிட்டதையும் சொன்னான். ஒரே ஒரு இடத்தில் 'ஏமாற்றி வாங்கினார்' என்று வந்துவிட்டது.

"ஏமாத்தினாரான்னு எனக்குத் தெரியாது" என்று அவர் நிறுத்தினார். "வாங்குறப்ப நல்ல மனசோடயே வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க. பறிச்சிருந்தா நான் கத்தியிருப்பேன் தம்பி. நானே குடுத்தேன், மத்தவங்களையும் குடுக்கச் சொன்னேன். அதுதான் நெஞ்சுக்குள்ள கெடக்கு."

அதன் பிறகுதான் அவன் பேனாவை எடுத்தான். மனு ஒரு பக்கம்கூட வரவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொன்னதால் நானே கொடுத்தேன். மூன்று முறை திருப்பிக் கேட்டேன். தரவில்லை. இப்போது என் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். என் அட்டை எனக்கு வேண்டும். அவ்வளவுதான். அவர் அதைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடிக்க நேரமாயிற்று. மேஸ்திரி விசில் ஊதிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கடைசி வரியை முடித்து, கையெழுத்துப் போட்டு, கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இறங்கும்போது மதுரைக்காரன் கேட்டான்: "மேடம், இது கொத்தடிமைத்தனம்தானே? அதப் பத்தி ஒரு வரி இல்லையே. நாம பின்வாங்குறோம் இல்லையா?"

"கொத்தடிமைத்தனம்தான். ஆனா அவங்க கேட்டது அட்டை. அவங்க கேக்காததை அவங்க கையெழுத்துல கேக்க நாம யார்?"

அவனுக்கு இது ஒப்பவில்லை. எனக்கும் முழுக்க ஒப்பியது என்று சொல்ல மாட்டேன். பொய்யில்லாத அந்த ஒரு பக்கம் விசாரணையில் நிற்குமா என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. நானே கொடுத்தேன் என்று எந்தக் கட்சிக்காரராவது எழுதித் தருவாரா?

புது மனுவின் பேரில் அலுவலகமே அழைப்பு அனுப்பியதால், இந்த முறை அந்தப் பெண்ணைக் கூப்பில் யாரும் தடுக்க முடியவில்லை. இரண்டாவது விசாரணைக்குக் காண்ட்ராக்டர் நேரிலேயே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அந்தப் பெண் சொன்ன மாதிரியே தன்மையான குரல். அவருடைய வக்கீல் பழைய மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"முதல் மனுவில் அடித்தார், பறித்தார் என்றார்கள். இப்போது கொடுத்தேன் என்கிறார்கள். எதை நம்புவது?"

நான் எழுந்தேன். "முதல் மனுவில் இருந்த தவறு இவங்களோடது இல்லை, என்னோடது. நான் படிச்சுக் காட்டாமல் கையெழுத்து வாங்கினேன். அதை இந்தக் கோப்பில் பதிவு செய்யணும்னு கேட்டுக்கிறேன்." மாணவர்கள் முன்னால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. எழுத்தர் பதிவு செய்தார்.

அந்தப் பெண் வக்கீலைப் பார்த்துச் சொன்னார்: "அத நான் சொல்லலைங்க. இத நான் சொன்னேன். இதுல எங்க வேணும்னாலும் கேளுங்க."

வக்கீல் கேட்டார். என்ன மாதம், யார் கூட இருந்தார்கள், என்ன கம்பளி. கறுப்புக் கம்பளி, ஓரத்தில் சிவப்புக் கோடு என்றார் அவர். காண்ட்ராக்டர் தன்னையறியாமல் தலையசைத்தார்.

அதிகாரி அவரிடம் திரும்பினார். "இவங்க சொல்றது சரியா? நீங்களா வாங்கினீங்களா, அவங்களா குடுத்தாங்களா?"

"அவங்களேதான் குடுத்தாங்க சார்" என்றார் காண்ட்ராக்டர் நிம்மதியாக. "எம்பிள்ளைக மாதிரி சார் அவங்க. மழையில நனையுதேன்னு பத்திரமா வச்சிருக்கேன்."

"சரி. இப்ப கேக்குறாங்களே. குடுத்திருங்க."

காண்ட்ராக்டர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையிலிருந்த பழைய மனுவைப் பார்த்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அதிகாரி முன்னால் சொன்ன பிறகு, தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அப்போது பழனிப் பெண் எழுந்து, "சார், ஒண்ணு கேக்கலாமா? இவங்களோடது மட்டும்தான் இருக்கா, மத்தவங்களோடதும் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க சார்" என்றாள். இதை நாங்கள் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. எனக்கே தோன்றாத கேள்வி.

எல்லாருடையதும் இருக்கிறது என்று காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். எல்லாரும் அவர்களாகவே கொடுத்தது என்றும் சேர்த்துச் சொன்னார். பத்து நாளுக்குள், கிராம அதிகாரி முன்னிலையில், எல்லா அட்டைகளையும் உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் அட்டைகள் வந்தன. வில்பட்டியில் கிராம அதிகாரியின் அலுவலக வாசலில் கூப்புக் குடும்பங்கள் எல்லாம் முதல் தடவையாக மொத்தமாக வந்து நின்றன. பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். வாங்கியதும் எல்லாரும் முதலில் போட்டோவைத்தான் பார்த்தார்கள். ஒரு கிழவர் அட்டையைத் திறந்து, அதில் இருந்த தன் மனைவியின் முகத்தைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் இந்தக் கூப்பில்தான் இறந்துபோனாராம். இருந்த ஒரே படம் அது.

ஒருவருடைய அட்டை மட்டும் டப்பாவில் இல்லை. காண்ட்ராக்டரின் ஆள் தேடினார், காணோம் என்றார். அட்டை கிடைக்காத அந்த மனிதர் எல்லாரும் போன பிறகும் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். நகல் அட்டை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பைக் கன்னிவாடிக்காரன் ஏற்றுக்கொண்டான். மண்டபம், மதுரை, திரும்ப மண்டபம் என்று அலைந்தான். நகல் கைக்கு வருவதற்குள் அவன் படிப்பு முடிந்து, வக்கீலாகப் பதிவும் செய்துவிட்டான். அந்த நகலைத்தான் தன் முதல் வழக்கு என்று சொல்லிக்கொள்வான்.

அந்தப் பெண்ணின் மகள் ஜூன் கடைசியில் பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு வயது இளைய பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது. முதல் மாதம் தினமும் அழுதாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு அழவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிறு, சந்தையில் அந்தப் பெண் புருசனோடு சேர்ந்து வந்தார். இரண்டு பேரும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து அன்றுதான் பார்த்தேன். பின்னால் இன்னும் நாலைந்து பேர். அவர் இந்த முறை நேராக வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மதுரைக்காரனைப் பார்த்தார்.

"தம்பி, அன்னைக்கு ஆறு பக்கம் எழுதுனீங்களே. எங்களை அங்க வச்சிருக்கிறது சட்டப்படி தப்புன்னு அதுல இருக்காமே. ஆபீசுல அந்த ஐயா சொன்னார்."

"இருக்கு அக்கா."

"அதுல எது எது எங்களுக்கு நடந்ததுன்னு நாங்க சொல்றோம். நடக்காததை எடுத்துட்டு எழுதுவோம். இனி எங்களுக்குப் பயமில்ல. அட்டை கையில இருக்கு."

அவன் பேனாவைத் தொடவில்லை. மேசையின் முன்னால் இருந்த பெட்டிகளை எல்லாம் தள்ளி, எல்லாரும் உட்கார இடம் செய்தான். ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்று எங்கள் கடைசி பஸ் போய்விட்டது.

அந்த வழக்கு மூன்று வருடம் நடந்தது. நடுவில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். ஒரு தடவை தள்ளுபடியே ஆனது, மேலே போனோம். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் இரண்டு குடும்பங்கள் நீலகிரிக்குப் போய்விட்டன. மதுரைக்காரன் படிப்பு முடிந்து சென்னையில் நல்ல இடத்தில் சேர்ந்தான். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் பிடித்து வந்தான். கடைசியில் அந்தக் குடும்பங்கள் விடுவிக்கப்பட்டதாகச் சான்றிதழ் கிடைத்தது. தருவதாகச் சொன்ன நிலம் வரவில்லை. பெரும்பாலானவர்கள் வில்பட்டியில் காய்கறித் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். கஷ்டம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் பிடிக்காத தோட்டத்தை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போக அவர்களால் முடிந்தது.

சந்தை மேசையை நான் பதினோரு வருடம் நடத்தினேன். ஒவ்வொரு ஜூலையிலும் புதிய மாணவர்கள் வந்தார்கள். பேனா இல்லாத அந்த இரண்டு வாரத்தை எல்லாரும் கடந்துதான் மலையேற வேண்டும். சிலர் அது அலுத்துப்போய்ப் பாதியில் நின்றார்கள், நான் தடுக்கவில்லை. பழனிப் பெண் கொடைக்கானலிலேயே வக்கீலாக உட்கார்ந்தாள். அவளுடைய அறையில் ஒரு பழக்கம் உண்டு. கட்சிக்காரர் மனுவைத் தன் குரலில் வாசித்து, அல்லது வாசிக்கக் கேட்டு, எங்கேயாவது "இது இல்லை" என்று ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். ஒன்றுமே திருத்தாமல் தலையாட்டினால் அவள் கையெழுத்து வாங்கமாட்டாள். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடி கேட்பாள்.